மொட்டை மாடிக் கரட்டும் பத்மா அன்ரியின் காகங்களும்

நீங்கள் எப்போதாவது ஒரு கரட்டைப் பிடுங்கியிருக்கிறீர்களா?

கடையில் பொறுக்கி எடுத்ததைக் கேட்கவில்லை. பொலித்தீன் பைக்குள் வியர்த்து வழிந்துகொண்டு கிடக்குமே, அந்தப் பிரிட்ஜ் கரட்டையும் கேட்கவில்லை. மண்ணுக்குள் விரலை விட்டு, இலைக் கொத்தின் அடியைப் பிடித்து, லேசாகத் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பதைச் சொல்கிறேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். சேற்றில் புதைந்த செருப்பை உருவும்போது வருமே, கிட்டத்தட்ட அது. அதைக் கேட்காதவர்கள் பாவம். நான் என்ன செய்ய.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயிலில், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட்ஸின் மொட்டை மாடியில் நான் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு கரட்டின் தலைமயிர். என்னைச் சுற்றி முழுக் கட்டடமும் நின்றது. குடை பிடித்த அன்ரிமார். தொப்பி போட்ட அங்கிள்மார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கி வந்து தண்ணீர்த் தாங்கியின் நிழலில் போட்டு உட்கார்ந்திருந்த கொமிட்டித் தலைவர் செல்வா அங்கிள். என் அண்ணன் போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பாசத்தில் இல்லை. வெறும் வேர் வந்தால் குடும்ப குரூப்பில் போடுவதற்கு.

"இழு பாப்பம்," என்றான். "கரட் வருதோ கண்ணீர் வருதோ எண்டு ஊரே காத்திருக்கு."

விஷயம் என்னவென்றால், அந்த இலைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இருந்தால் மாடி எனக்கு மிஞ்சலாம். இல்லையென்றால் கட்டாயம் மிஞ்சாது.

ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். கரட் அப்படியே இருக்கட்டும். கையை எடுக்கமாட்டேன்.

ஹோலில் வளர்ந்த பிள்ளை

எனக்கு அறை இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லை.

முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு அனெக்ஸ். ஒரு வீட்டின் பின்பக்கத்தைப் பலகையால் மறித்து, அதற்கு அனெக்ஸ் என்று பெயர் வைத்து வாடகைக்கு விடுவார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் தும்மினால் இந்தப் பக்கம் அப்பா "நூறாயுசு" என்பார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஜன்னல் விளிம்பில் ஒரு பால்மா டின்னுக்குள் மிளகாய்ச் செடி ஒன்று வளர்த்தேன். பக்கத்து வீட்டு ஏசி சொட்டும் தண்ணீர்தான் அதற்கு நீர்ப்பாசனம். ஒரே ஒரு காய் காய்த்தது. அண்ணன் அதைக் கடித்துப் பார்த்து, அழுது, அம்மாவிடம் எனக்கு அடி வாங்கித் தந்தான். என் விவசாய வாழ்க்கையின் முதல் போகம் அப்படி முடிந்தது.

பிறகு வெள்ளவத்தை. மூன்றாம் மாடி, இரண்டு அறை. ஒன்று அம்மா அப்பாவுக்கு. மற்றது அண்ணனுக்கு, ஏனென்றால் அவன் கொள்ளுப்பிட்டியில் ஓபிஸுக்குப் போகிறவன், அவனுக்கு நித்திரை வேண்டுமாம். நானும் வேலைதான் செய்கிறேன். வீட்டிலிருந்து, லப்டொப்பில், எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரர்களின் முறைப்பாடுகளைக் கேட்கிற வேலை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவளுக்கு நித்திரை தேவையில்லை போல.

என் கட்டில் ஹோலில் கிடக்கிறது, டீவிக்கும் சுவாமிப் படத்துக்கும் நடுவில். யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கும்போது பின்னால் குக்கர் விசிலடிக்கும். அது என்ன ட்ரெயினா என்று கேட்பார். ஓம் ஐயா, ட்ரெயின்தான் என்பேன். பாதி நேரம் உண்மையிலேயே ட்ரெயின்தான். கடற்கரைத் தண்டவாளம் எங்கள் ஒழுங்கையின் முடிவில்தான் ஓடுகிறது.

அழவேண்டுமென்றால் பாத்ரூம். அங்கேயும் அண்ணன் கதவைத் தட்டுவான். மற்ற எல்லாவற்றுக்கும், சிரிக்க, போன் கதைக்க, தனியாக ஆட, வேலையில் திட்டு வாங்கினால் கடலைப் பார்த்துத் திருப்பித் திட்ட, எனக்கு இருந்தது மொட்டை மாடி ஒன்றுதான். அது என் அறை. கூரை மட்டும் இல்லை.

வரிசைக் காலத்துப் பைகள்

மாடிக்கு மண்ணைக் கொண்டுபோனது நான் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கொமிட்டியில் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

காஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் கட்டடம் முழுவதும் விவசாயியாக மாறியது. அரிசிப் பை, உரப்பை, உடைந்த வாளி, தயிர்ச்சட்டி, எதற்குள் மண் நிற்குமோ அதற்குள்ளெல்லாம் எதையோ நட்டார்கள். செல்வா அங்கிள் கூடக் கத்தரி வைத்தார். அந்தக் கத்தரிக்குத் தினமும் காலையில் குட் மோர்னிங் சொன்னார், நான் என் காதால் கேட்டேன். பிறகு காஸ் வந்தது. எல்லோரும் விவசாயத்தை ராஜினாமா செய்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். பைகள் மட்டும் வாய் பிளந்தபடி கிடந்தன.

நான் போன் கதைக்க மேலே போவேன். யாரோடு என்பது வேறு அத்தியாயம், இந்தப் பத்திரிகையை அம்மா வாசிக்கிறார். போன் கதை ஒரு நாள் முடிந்துபோனது. கை சும்மா இருந்தது. பைகள் இருந்தன.

புறக்கோட்டையில் ஒரு விதைக் கடையில் பக்கற்றின் மேலிருந்த கரட் படம் என்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கே நடப்போகிறாய் என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். வெள்ளவத்தை என்றேன்.

"அனே நங்கி, கொழும்பே கெரட் ஹெதென்னே நே," என்றார். தங்கச்சி, கொழும்பில் கரட் வராது.

தெரியும். கரட் என்றால் நுவரெலியா. பனி, குளிர், ஸ்வெட்டர் போடவேண்டிய மரக்கறி. கடைக்காரர் கங்குன் கீரை விதையை எடுத்து நீட்டினார். வராது என்று சொன்னால் நான் கேட்கிற ஆளா? கரட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மார்கழியில் கொழும்புக்கும் ஒரு குளிர் வரும். குளிர் என்றால், ஃபேனை ஒரு நம்பர் குறைக்கிற குளிர். அந்த நேரம் பார்த்து விதையைத் தூவினேன். கரட்டுக்கு மணல் பிடிக்கும் என்று யூடியூப் சொன்னது. டைல் ஒட்ட வந்த மேசன் பாஸ் விட்டுப்போன மணல் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது, கலந்தேன். தேங்காய்த் தும்புத்தூள் கலந்தேன். மத்தியான வெயிலுக்குக் கிழிந்த நுளம்பு வலையைப் பந்தல் மாதிரிக் கட்டினேன். கடலிலிருந்து அடிக்கிற உப்புக் காற்றுக்கு, பைகளைத் தாங்கியின் மறைவில் இழுத்து வைத்தேன்.

முளைத்தது. குழந்தைப் பிள்ளையின் தலைமயிர் மாதிரி, நெருக்கமாக, பச்சையாக. அதை ஐதாக்க வேண்டும், பாதியைப் பிடுங்கி எறிந்தால்தான் மீதி பெருக்கும். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். அறை இல்லாதவர்கள் கடைசியில் இப்படித்தான் ஆவார்கள்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டார். ஒன்றையும் இழுத்துப் பார்க்கக் கூடாது. "எவ்வளவு வந்திருக்கு எண்டு தோண்டிப் பாத்தியெண்டால் உன்ர கண்ணே நாவூறு படும்." சட்டத்தோடு ஒரு கறுப்புத் துணிப் பொம்மையையும் கொண்டுவந்து கம்பியில் தொங்கவிட்டார். ஆகவே பொங்கல் போனது, சிவராத்திரி போனது, இலை முழங்கால் உயரத்துக்குச் செழித்தது, கீழே கரட் இருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. கம்பஸில் ஸ்டட்டிஸ்டிக்ஸ் படித்தவள் நான். அம்மாவின் துணிப் பொம்மைக்குப் பயந்து ஒரு சாம்பிள் எடுக்கவில்லை.

நஸீரா அன்ரியின் வாளி

இலை ஏன் அவ்வளவு செழித்தது? அதற்குக் காரணம் இரண்டாம் மாடி நஸீரா அன்ரி.

அவர்கள் வீட்டில் நாளாந்தம் மீன். மீன் கழுவின தண்ணீரை வாளியில் சேர்த்து வைத்துக்கொண்டு, நான் படியேறும் சத்தம் கேட்டால் கதவைத் திறப்பார்.

"புள்ள, இத சும்மா சிங்க்ல ஊத்த மனசு வருகுதில்ல. கொண்டுபோய் மரத்துக்கு ஊத்துங்க."

செதில் மிதக்கிற தண்ணீர். சில நாளைக்கு அடியில் ஒரு கும்பளா மீன் தலையும் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். தண்ணீரை ஊற்றி, தலையை மண்ணில் புதைப்பேன். நான் புதைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காகங்கள் அதைத் தோண்டும். முதலில் ஒன்றிரண்டு வந்தன. பிறகு வெள்ளவத்தைக் காகமெல்லாம் எங்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையில் உட்காரத் தொடங்கியது.

எங்கள் வீட்டில் வெள்ளி, செவ்வாய் தவிர மீன்தான். யாருக்கும் இதில் ஒன்றுமில்லை. நான் ஒளிக்கவுமில்லை, வாளியைக் கையில் பிடித்தபடி நடுப் படியால்தான் ஏறினேன். கீழ் வீட்டுப் பத்மா அன்ரிக்கு மட்டும் தெரியாது. அவர் அந்த நேரம் பூசை அறையில் இருப்பார்.

காகம் வந்தால்தான் சாப்பாடு

பத்மா அன்ரி தனிச் சைவம். முட்டை போட்ட கேக் கூட அவர் வாசல்படி தாண்டாது. அவருடைய கணவர் நடராஜா அங்கிள் மின்சார வேலை செய்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் எந்த வீட்டில் கரண்ட் போனாலும் டெஸ்டரைச் சேர்ட் பொக்கற்றில் குத்திக்கொண்டு வந்துவிடுவார். அருமையான மனிதர். வாய் நிறைய வெற்றிலை, முகம் நிறையச் சிரிப்பு.

அங்கிள் காலமான பிறகு பத்மா அன்ரி தினமும் மத்தியானம் காகத்துக்குச் சோறு வைப்பார். காகம் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவார். நம் வீடுகளில் பலபேர் செய்வதுதான். ஆனால் கீழே கார் நிறுத்துகிற இடம், நாய் வேறு. காகம் வராது. அன்ரி பின்வாசலில் நின்று கா கா என்று கூப்பிடுவார். இங்கே சோறு காயும், அங்கே வீட்டுக்குள் அவருடைய சோறும் ஆறும். "அவருக்கு என்னிலை ஏதோ கோவம் போல," என்று அம்மாவிடம் ஒரு நாள் சொல்லியிருக்கிறார். எனக்கு அதைச் சொல்லும்போது அம்மாவும் கண்ணைத் துடைத்தார்.

ஒரு நாள் முழங்கால் வலியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். கூப்பிடக்கூட இல்லை. கூட்டமாக வந்து விழுந்தன.

நான் ஹெட்செட்டோடு ஒரு வெள்ளைக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது எங்கள் கதவைத் தட்டினார். முகம் அப்படிப் பளபளத்தது. "தர்ஷி, அவர் மேலை வந்திட்டார் பிள்ளை," என்றார்.

எனக்குத் தெரியும் அந்தக் காகங்கள் எதற்கு வருகின்றன என்று. சொல்லவா முடியும்? நீங்கள் என்றால் சொல்வீர்களா?

அதிலிருந்து தினமும் மத்தியானம் வருவார். என் கரட் பைகளுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காகங்களோடு கதைப்பார். கனடாவில் மகளுக்கு ஸ்னோ கொட்டுவது, ஹோல் ஃபேன் கிரீச்சிடுவது, எல்லாம் சொல்வார். நான் கேட்காத மாதிரித் தண்ணீர் ஊற்றுவேன். அவருக்கும் வீட்டில் இப்படிக் கதைக்க ஆளில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த மாடி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலையைத்தான் செய்தது.

பூட்டு

மேல் மாடியில் இருக்கிற செல்வா அங்கிளின் பல்கனியில் காகங்கள் மீன் முள்ளைப் போட்டன. அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் வேறொன்றையும் போட்டன. கட்டட வட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தல் வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு, மழை தொடங்க முதல், மாடியிலுள்ள மண் பைகள் எல்லாம் அகற்றப்பட்டுக் கதவு பூட்டப்படும். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கை தூக்கலாம். வீட்டுக்கு ஒரு கை.

வாசித்ததும் எழுந்து செருப்பை மாட்டினேன். பிறகு வீடு வீடாகப் போனேன். பாதிப்பேர் செல்வா அங்கிள் பக்கம், பாதிப்பேர் என் பக்கம். நடுவில் பத்மா அன்ரி. அவரிடம் நான் கேட்கவேண்டியே இருக்கவில்லை. "அவர் வாற இடத்தைப் பூட்ட நான் விடுவனோ?" என்றார். அப்படியே கட்டிப்பிடித்தேன்.

அந்த வேகத்தில் குரூப்பில் எழுதினேன். கூட்டத்தை மாடியிலேயே வையுங்கள், அன்றைக்குத்தான் என் அறுவடை, எல்லோருக்கும் கரட் தருகிறேன். ஒரு கரட்டும் இல்லையென்றால் வாக்கெடுப்பே வேண்டாம், நானே மண்ணை மூட்டையாகக் கீழே இறக்குகிறேன். எழுதி, யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். அம்மா வாசித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். அண்ணன் மண்வெட்டிப் படம் அனுப்பினான்.

எப்படியும் பிடுங்கவேண்டிய நேரம்தான். இலை நுனி மஞ்சளடித்துவிட்டது, வெயில் பையைச் சுட்டது, பின்னேரங்களில் கடல் பக்கம் கருமை கட்டத் தொடங்கியிருந்தது. மழைக்குள் விட்டால் எல்லாம் அழுகிவிடும்.

இழு பாப்பம்

சரி. முழங்கால், வெயில், தலைமயிர். இழுத்தேன்.

வந்தது.

தோள் அகலமாக, உடம்பு கட்டையாக, கீழே இரண்டு கால். இடது காலை வலது காலுக்கு மேல் போட்டுக்கொண்டு, ஏதோ கலியாண வீட்டில் முன்வரிசையில் இருக்கிற மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி. நிறம் என்றால் அப்படி ஒரு நிறம். மண்ணை விரலால் வழித்தபோது உள்ளே லைட் எரிகிற மாதிரி இருந்தது. அந்த வாசத்தை எப்படிச் சொல்வது? இலையைக் கசக்கினால் கொஞ்சம் பச்சை மாங்காய், கொஞ்சம் மண்ணெண்ணெய், அதற்குக் கீழே மழை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று வீடியோவில் இருக்கிறது, அச்சில் வராது.

அடுத்ததை இழுத்தேன். அடுத்தது. ஒன்று விரல் அளவு. ஒன்று பந்து. ஒன்றுக்குத் தாடி. இரண்டு கரட்டுகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தன, பிரிக்க மனம் வரவில்லை. ஒரு பெரிய இலைக் கொத்தின் கீழே ஒன்றுமே இல்லை, எலிவால் மாதிரி ஒரு நூல், அண்ணன் அதை மட்டும் கிட்ட வந்து படம் பிடித்தான். அதற்குள் அன்ரிமார் குடையை மடக்கிவிட்டார்கள். யாரோ ஒருவர் தானும் ஒன்று இழுக்கலாமா என்று கேட்டார். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பையில் கையை விட்டு இழுத்தார்கள், ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு சிரிப்பு, ஒவ்வொன்றையும் மற்றவரிடம் காட்டி அளவு பார்த்தார்கள். அம்மா, நாவூறு அம்மா, முழங்கைவரை மண்ணோடு நின்று "இங்கை பார், என்ரை பெரிசு" என்றார்.

செல்வா அங்கிள் கதிரையில் சாய்ந்துகொண்டு பார்த்தார். கடைசியில் அவரும் எழுந்தார். ஒன்றை இழுத்து, தாங்கிக் குழாயில் கழுவி, நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடித்தார். கடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்று அந்தச் சத்தத்தில் முடிவு செய்தேன்.

"இனிக்குது," என்றார், கொஞ்சம் கோபமாக. "என்ன உரம் போட்டனீ?"

நான் வாயைத் திறக்க முதல் நஸீரா அன்ரி முன்னுக்கு வந்தார். முகம் முழுவதும் பெருமை. அவருக்கும் அந்தக் கரட்டில் பங்கு இருந்தது, அதை அவர் ஏன் சொல்லக்கூடாது?

"அது எங்கட மீன் தண்ணி. நாந்தான் ஒவ்வொரு நாளும் குடுத்தனுப்புற. தலையும் சேர்த்து. அதுக்குத்தானே இந்தக் காகம் எல்லாம் வந்து விழுது."

பியூஸ்

பத்மா அன்ரி அப்போதுதான் சோற்றுத் தட்டோடு மேலே வந்து, கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். காகங்கள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன.

முகத்திலிருந்த பளபளப்பு அப்படியே இறங்கியதைப் பார்த்தேன். தாங்கி என் தலையில் விழுந்தால் நல்லது போல இருந்தது.

"அப்ப இதுகள் என்ரை சோத்துக்கு வரேல்லை," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

செல்வா அங்கிள் இடைவெளியை விடவில்லை. மீன் நாற்றம், முள், காகம் எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதுதானே, இதற்குத்தான் பூட்டச் சொன்னேன் என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தத் தொடங்கினார். ஆனால் கரட்டைக் கீழே வைக்கவில்லை. நான் பத்மா அன்ரிக்குப் பக்கத்தில் போய், இரண்டுக்கும்தான் வருகுது அன்ரி, சோற்றுக்கும் வருகுது என்று ஏதோ உளறினேன். அவர் கேட்கவில்லை. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். நஸீரா அன்ரிக்கு இப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று விளங்கியது. ஷோலின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பத்மா அன்ரி தலையைத் தூக்கினார்.

"என்ன மீன்?" என்று கேட்டார்.

"கும்பளா," என்றார் நஸீரா அன்ரி மெல்ல. "சில நாளைக்கு சாளை."

"பொரியலோ?"

"ஓ."

"மேலை வெங்காயம் தூவி, தேசிக்காய் பிழிஞ்சு?"

நஸீரா அன்ரி திடுக்கிட்டுப் பார்த்தார். சைவக்காரருக்கு அந்த வீட்டு மீன் பொரியலின் மேல் என்ன தூவுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? "பத்மாக்கா..." என்று தொடங்கினார்.

"உங்கட வீட்டு பியூஸ் கிழமைக்கு ரெண்டு தரம் போகாது, நஸீரா," என்றார் பத்மா அன்ரி. "அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பாத்து."

கீழே தண்டவாளத்தில் ட்ரெயின் போனது. அது போய் முடியும்வரை எல்லோரும் மரியாதையாக நின்றோம். தாங்கிக்குப் பக்கத்தில் நின்ற நஸீரா அன்ரியின் கணவர் ஹுசைன் நானாவுக்கு இருமல் வந்தது. தொண்டையைச் செருமிவிட்டு, கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நான் ஒரு துண்டுதான் வெப்பேன் தங்கச்சி. அது போதும்னுதான் அவரும் செல்லுவார். பொறகு அவரே சட்டிய இழுப்பார்."

பத்மா அன்ரி தலையை ஆட்டினார், தெரிந்த கணக்குத்தான் என்கிற மாதிரி. வாசம் தெரியாமல் இருக்க வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். வெங்காயமும் தேசிக்காயும் அதையும் தாண்டி மணக்குமாம். இவர் சோறு போட்டால் இன்றைக்கு அவ்வளவு பசியில்லை என்பாராம். இவர் ஒரு நாளும் கேட்கவில்லை. "கேட்டால் மனுசன் பொய் சொல்லவேண்டி வரும். பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அதைச் சொல்லிக்கொண்டே எழுந்தார். என் கையிலிருந்து ஒரு கரட்டை வாங்கினார். கால் மேல் கால் போட்ட முதல் கரட், எல்லாவற்றிலும் அதுதான் அழகு. கழுவித் துடைத்து, கைப்பிடிச் சுவரில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவருக்கு எப்பவும் என்ரை கரட் வெள்ளைக்கறிதான் விருப்பம்," என்றார். "கட்டின நாளிலையிருந்து வைச்சுக் குடுத்தனான். உன்ரை கரட் கறிக்கு நிகரில்லை பத்மா எண்டு சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட்டவர்."

நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். வரிசையில் கொஞ்சம் பெரிய காகம் ஒன்று தத்தித் தத்தி வந்தது. சோற்றில் இரண்டு பருக்கை எடுத்தது. கரட்டைத் தலையைச் சரித்து இந்தப் பக்கக் கண்ணால் பார்த்தது, பிறகு அந்தப் பக்கக் கண்ணால் பார்த்தது. அலகால் ஒரு தட்டுத் தட்டியது. கரட் உருண்டு சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கீழே எங்கேயோ ஒரு கார் கூரையில் டொக் என்று கேட்டது. காகம் சுவரிலிருந்து இறங்கி, நேரே என் பைக்கு வந்து, மண்ணைக் கிண்டி, மீன் தலையைத் தேடத் தொடங்கியது.

பத்மா அன்ரி சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முழு உடம்பும். நஸீரா அன்ரி பயந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார், பிடித்த கையோடு அவரும் சிரித்தார். ஹுசைன் நானா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தார். அம்மா மண் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டார். அண்ணனின் வீடியோ அந்த இடத்தில் வானத்தையும் தரையையும் மாறி மாறிக் காட்டுகிறது.

"அவர்தான்," என்றார் பத்மா அன்ரி மூச்சு வாங்கியபடி. "சந்தேகமே இல்லை. அவரேதான்."

பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கட்டிப்பிடித்துக்கொண்டு வந்த இரண்டு கரட்டுகளில் ஒன்றை முறித்து, கழுவக்கூட இல்லாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, கும்பளாத் தண்ணீர் குடித்து வளர்ந்த அந்தக் கரட்டை நறுக்கென்று கடித்தார். மென்றுகொண்டே செல்வா அங்கிளின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கதவைப் பூட்டினால் இந்த மனுசன் சாப்பாட்டுக்கு எங்கை போறது, செல்வா?"

செல்வா அங்கிள் தன் கையிலிருந்த அரைக் கரட்டைப் பார்த்தார்.

நான் இதை மொட்டை மாடியில் இருந்துதான் லப்டொப்பில் தட்டிக்கொண்டிருக்கிறேன். மழை தூறத் தொடங்கிவிட்டது.